இடதுசாரி, வலதுசாரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கட்சியையோ தலைவரையோ செய்தியில் அறிமுகப்படுத்தும்போது முதலில் வந்து ஒட்டிக்கொள்ளும் அடைமொழிகள் இவை இரண்டும்தான். ஆனால் எந்தக் கேள்வியை முன்வைத்து ஒருவர் இடது என்றோ வலது என்றோ சொல்லப்படுகிறார் என்பதை அச்செய்திகள் பெரும்பாலும் சொல்வதில்லை. அந்தக் கேள்வி தெரியாதவரை அடைமொழிக்குப் பாதிப் பொருள்தான் உண்டு என்பது இதை எழுதுபவரின் கருத்து. கீழுள்ள விடைகள் அந்தக் கருத்தை ஒட்டியே எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: இந்தச் சொற்கள் எங்கே தோன்றின?

பிரெஞ்சுப் புரட்சியின் முதல் ஆண்டில், ஒரு மண்டபத்தின் இருக்கை வரிசைகளில் தோன்றின. கருவூலம் வற்றிப்போன நிலையில், பதினாறாம் லூயி மன்னர் குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் ஆகிய மூன்று பிரிவினரின் பிரதிநிதிகளையும் 1789 மே 5 அன்று வெர்சாயில் கூட்டினார். 1614-க்குப் பிறகு அப்படியொரு கூட்டம் கூடியதே இல்லை. ஜூன் 17 அன்று பொதுமக்கள் பிரிவினர் தங்களையே தேசிய அவை என்று அறிவித்துக்கொண்டு, நாட்டுக்கு ஓர் அரசமைப்பை எழுதும் பொறுப்பையும் ஏற்றார்கள்.

ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பரிலும் அவையைப் பிளந்த கேள்வி, அவை இயற்றும் சட்டத்தை ரத்து செய்யும் வீட்டோ அதிகாரம் மன்னருக்கு இருக்கலாமா என்பதாகும். முழு அதிகாரமும் வேண்டும் என்றவர்கள் அவைத்தலைவரின் வலப்பக்கமும், அதிகாரமே கூடாது அல்லது சட்டத்தைச் சிறிது காலம் தள்ளிவைக்கும் அளவுக்கு மட்டும் இருந்தால் போதும் என்றவர்கள் இடப்பக்கமும் சேர்ந்து உட்காரத் தொடங்கினார்கள். மதத்துக்கும் மன்னருக்கும் விசுவாசமானவர்கள் எதிரணியின் கூச்சலிலிருந்தும் வசைகளிலிருந்தும் தப்பிக்கவே வலப்பக்கம் போய் அமர்ந்தார்கள் என்று கோவீல் (Gauville) என்ற பிரபு தம் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். ஆக, இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகத்தை இரண்டாகப் பிரித்துவரும் ஒரு பாகுபாட்டில், கொள்கையோடு காது வலிக்கும் ஒரு சிறு பங்கு இருந்திருக்கிறது. செப்டம்பர் 11 அன்று நடந்த வாக்கெடுப்பில், தள்ளிவைக்கும் அதிகாரம் மட்டும் மன்னருக்குக் கிடைத்தது. அந்தக் கேள்வி அன்றே தீர்ந்தும், இருக்கைப் பழக்கம் தீரவில்லை.

கேள்வி: அப்போதிருந்தே மக்கள் தங்களை இடதுசாரி, வலதுசாரி என்று சொல்லிக்கொண்டார்களா?

இல்லை. நீண்ட காலத்துக்கு இவை அவைக்குள் புழங்கிய சொற்களாகவே இருந்தன. 1814-க்குப் பின் மன்னராட்சி மீண்டபோது பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் இந்த வழக்கு நிலைபெற்றது என்றாலும், தெருவில் நடந்துபோகும் ஒரு வாக்காளர் ‘நான் இடதுசாரி’ என்று சொல்லிக்கொள்வது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், டிரைஃபஸ் என்ற யூத இராணுவ அதிகாரிமீது பொய்யாகச் சுமத்தப்பட்ட தேசத்துரோக வழக்கு பிரான்சை உலுக்கிய காலத்தையொட்டியே பரவலாயிற்று. ஆங்கிலத்தில், பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி எழுதிய தாமஸ் கார்லைல் 1837-லேயே ‘இடது’ என்ற சொல்லை அவை வழக்காகக் கையாண்டிருந்தாலும், பிரிட்டன் தன் சொந்தக் கட்சிகளை அப்படி அழைக்கத் தொடங்கியது 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான். அதற்குள் தொழிலாளர் இயக்கமும் சோசலிசக் கட்சிகளும் வளர்ந்துவிட்டதால், மன்னரின் அதிகாரம் பற்றிய கேள்வி இருந்த இடத்தில் முதலாளியின் அதிகாரம் பற்றிய கேள்வி வந்து அமர்ந்துகொண்டது.

கேள்வி: நம் மக்களவையிலும் இடதுசாரிகள் இடப்பக்கம்தான் அமர்கிறார்களா?

அப்படி ஒரு விதி இல்லை. இந்திய மக்களவை பிரிட்டிஷ் மரபைப் பின்பற்றுகிறது. கொள்கை எதுவானாலும் ஆளுங்கட்சி சபாநாயகரின் வலப்பக்கத்திலும் எதிர்க்கட்சி இடப்பக்கத்திலும் அமரும். இடப்பக்கத்தின் முன்வரிசையில் துணை சபாநாயகருக்கும் ஓர் இருக்கை உண்டு. எனவே ஆட்சி மாறும்போது ஒரே கட்சி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இடம்பெயர்கிறது.

கேள்வி: அப்படியானால் இன்று இச்சொற்கள் எதைத்தான் குறிக்கின்றன?

இதற்குக் கிடைக்கும் விடைகளில் உறுதியானது இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் நொர்பெர்த்தோ பொப்பியோ 1990-களில் தந்தது. சமத்துவத்தைப் பற்றிய மனப்பாங்குதான் இரண்டையும் பிரிக்கிறது என்றார் அவர். மனிதர்களுக்கிடையே இருக்கும் ஏற்றத்தாழ்வுகளில் பெரும்பகுதி சமூகம் உண்டாக்கியது, ஆகவே சமூகத்தால் குறைக்கக்கூடியது என்று கருதுபவர் இடப்பக்கம் சாய்கிறார். அவற்றில் பெரும்பகுதி இயற்கையானது, அல்லது பயனுள்ளது, அல்லது வலிந்து நீக்கப்போனால் அதைவிடப் பெரிய கேடு விளையும் என்று கருதுபவர் வலப்பக்கம் சாய்கிறார். சுதந்திரம் பற்றிய மனப்பாங்கைப் பொப்பியோ தனி அளவுகோலாக வைத்துக்கொண்டதால், இரு பக்கங்களிலும் சர்வாதிகாரிகளும் உண்டு, சனநாயகவாதிகளும் உண்டு என்பதை அவரால் எளிதாக விளக்க முடிந்தது.

நடைமுறையில் இந்த மனப்பாங்கு வரிவிதிப்பு, பொதுத்துறை, தொழிற்சங்க உரிமை, நிலப் பங்கீடு போன்ற பொருளாதாரக் கேள்விகளில் ஒருவிதமாகவும், குடும்பம், மதம், தேசம், பாலினம் போன்ற பண்பாட்டுக் கேள்விகளில் வேறுவிதமாகவும் வெளிப்படுகிறது. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

கேள்வி: ஒருவர் பொருளாதாரத்தில் ஒரு பக்கமும் பண்பாட்டில் மறுபக்கமும் இருக்க முடியுமா?

தாராளமாக முடியும். இந்தியாவில் அது விதிவிலக்கே அல்ல. 1959-இல் நாகபுரி காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறைக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியதை எதிர்த்து இராஜாஜி முதலானோர் தொடங்கிய சுதந்திராக் கட்சி, தொழில் நடத்த அரசின் அனுமதியைக் கட்டாயமாக்கிய லைசென்ஸ்–பர்மிட் ஆட்சியை ஒழிக்க வேண்டும் என்ற அளவில் தெளிவான வலதுசாரிக் கட்சி. ஆனால் அது இந்து தேசியத்தை முன்வைத்த கட்சி அல்ல. 1980-இல் பிறந்த பாரதிய ஜனதா கட்சியோ, பண்பாட்டில் வலதுசாரி என்று அன்றே அறியப்பட்டிருந்தும், பொருளாதாரத்துக்குக் காந்திய சோசலிசத்தைத் தன் வழிகாட்டும் கொள்கைகளுள் ஒன்றாக ஏற்றது. அதே சங்க குடும்பத்தைச் (ஆர்.எஸ்.எஸ். சார்ந்த அமைப்புகள்) சேர்ந்த பாரதிய மஸ்தூர் சங்கம் 1955 முதல் தொழிற்சங்கமாக இயங்குகிறது. சுதேசி ஜாக்ரண் மஞ்ச் 1991 முதல் அந்நிய முதலீட்டை எதிர்த்துவருகிறது. இவை எல்லாவற்றையும் ‘வலதுசாரி’ என்ற ஒரே பெட்டியில் அடைப்பவர், பெட்டிக்குள் நடக்கும் சண்டையைப் பார்க்கத் தவறிவிடுவார்.

இதனால்தான் அரசியல் அறிஞர்கள் சிலர் ஒரே கோட்டுக்குப் பதிலாகக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகளை வரைந்து, ஒன்றில் பொருளாதாரத்தையும் மற்றதில் அதிகாரம்–தனிமனித சுதந்திரம் என்பதையும் குறிக்கிறார்கள். இணையத்தில் சில கேள்விகளுக்கு விடையளித்தால் ‘உங்கள் இடம் இதுதான்’ என்று புள்ளி வைத்துக் காட்டும் தளங்கள் இந்த முறையைத்தான் பயன்படுத்துகின்றன. ஒரு கோட்டைவிட இரண்டு கோடுகள் மேல்தான். ஆனால் அத்தளங்களின் கேள்விகள் பெரும்பாலும் மேற்கு நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சாதியைப் பற்றிக் கேட்காத ஒரு வினாத்தாள் இந்திய வாக்காளர் ஒருவரின் இடத்தை எப்படிச் சொல்லும் என்பது விளங்கவில்லை.

கேள்வி: ஒரு கட்சி காலப்போக்கில் பக்கம் மாறுமா?

மாறும். சில வேளைகளில் கட்சி அப்படியே இருக்க, அரங்கமே நகர்ந்துவிடும். பிரெஞ்சுப் புரட்சியிலேயே இதற்கு அழகான சான்று உண்டு. 1791-இல் கூடிய சட்டமன்றத்தில் பிரிசோ என்ற புரட்சித் தலைவரும் அவரைச் சார்ந்தவர்களும் இடப்பக்கம் அமர்ந்தார்கள். மறு ஆண்டு மன்னராட்சி ஒழிந்து, புதிதாகக் கூடிய தேசிய மாமன்றத்தில் முடியாட்சி ஆதரவாளர்கள் யாருமே இல்லாமற்போனதால், ஜிரோந்தினர் என்று வழங்கப்பட்ட அதே பிரிவினர் இப்போது வலப்பக்கம் ஆனார்கள். அவர்களுடைய கருத்து பெரிதாக மாறவில்லை. அவர்களுக்கு வலப்பக்கம் இருந்தவர்கள் காணாமற்போயிருந்தார்கள், அவ்வளவுதான். புதிய இயக்கங்கள் இடப்பக்கத்திலேயே பிறந்து, பழையவற்றை வலப்பக்கம் தள்ளிக்கொண்டே வருவதைக் கவனித்த ஆல்பேர் திபோதே என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1930-களில் அதற்கு ஒரு தனிப் பெயரே சூட்டினார்.

காங்கிரசின் கதை வேறு வகை. சென்னைக்கு அருகே ஆவடியில் 1955 சனவரியில் கூடிய மாநாட்டில் ‘சோசலிச மாதிரிச் சமுதாயம்’ அமைப்பதே இலக்கு என்று அக்கட்சி தீர்மானித்தது. 1969 ஜூலையில் இந்திரா காந்தி அரசு 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. 1991-இல் அதே காங்கிரசின் நரசிம்ம ராவ் அரசு, மன்மோகன் சிங்கை நிதியமைச்சராகக் கொண்டு, தொழில் உரிமங்களில் பெரும்பாலானவற்றை நீக்கிச் சந்தையைத் திறந்துவிட்டது. இங்கே அரங்கமும் நகர்ந்தது, கட்சியும் நகர்ந்தது.

இதற்கிடையே சட்டம் வேறொரு வேடிக்கையைச் செய்துவைத்திருக்கிறது. 1976-இல் 42-ஆவது திருத்தம் அரசமைப்பின் முகப்புரையில் ‘சமதர்ம’ என்ற சொல்லைச் சேர்த்தது. பின்னர் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 29ஏ பிரிவின்படி, தேர்தல் ஆணையத்தில் பதிவு பெற விரும்பும் ஒவ்வொரு கட்சியும் சோசலிசக் கோட்பாட்டுக்கு உண்மையாக இருப்பதாகத் தன் விதிமுறைகளில் எழுதித்தர வேண்டும். அந்தச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து நம்பினால், இந்தியாவில் பதிவு பெற்ற பொருளாதார வலதுசாரிக் கட்சி ஒன்றுகூட இருக்க முடியாது.

கேள்வி: ‘வலது கம்யூனிஸ்ட்’ என்று பெரியவர்கள் சொல்வது முரண் அல்லவா?

முரண் இல்லை. ஒப்பீடு எதனோடு என்பதைப் பார்த்தால் புரிந்துவிடும். 1964-இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி பிளந்தபோது, நேருவின் காங்கிரசோடு எந்த அளவு ஒத்துப்போவது, சோவியத்–சீனத் தகராறில் யார் பக்கம் நிற்பது என்பவை முக்கியக் காரணங்களாயிருந்தன. காங்கிரசோடு ஒத்துழைக்க விரும்பிய பிரிவு பழைய பெயரிலேயே தொடர்ந்தது. பிரிந்தவர்கள் மார்க்சிஸ்ட் கட்சியானார்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளும் பேச்சு வழக்கும் முன்னதை வலது கம்யூனிஸ்ட் என்றும் பின்னதை இடது கம்யூனிஸ்ட் என்றும் நெடுங்காலம் அழைத்தன. 1967-இல் நக்சல்பாரி எழுச்சி வந்ததும், அதன் தலைவர்கள் மார்க்சிஸ்ட் கட்சியையும் வலப்பக்கம் தள்ளிப் பேசினார்கள்.

இது கம்யூனிச இயக்கத்துக்குப் புதிதன்று. 1920-களில் சோவியத் கட்சிக்குள் திரோத்ஸ்கி தரப்பு இடது எதிர்ப்பு என்றும் புகாரின் தரப்பு வலது எதிர்ப்பு என்றும் பெயர் பெற்றன. புகாரினை வலதுசாரி என்று ஒரு லண்டன் வங்கி முதலாளியிடம் சொல்லியிருந்தால் அவர் திகைத்துப்போயிருப்பார்.

கேள்வி: அமெரிக்கச் செய்திகளில் ‘லிபரல்’ என்றால் இடதுசாரி, ஆஸ்திரேலியச் செய்திகளில் லிபரல் கட்சி வலதுசாரி. எது சரி?

இரண்டும் அந்தந்த நாட்டில் சரி. 19-ஆம் நூற்றாண்டில் லிபரல் என்பவர் மன்னர், திருச்சபை, நிலப்பிரபு ஆகியோரின் பிடியிலிருந்து தனிமனிதரையும் சந்தையையும் விடுவிக்க விரும்பியவர். அன்றைய அளவுகோலில் அவர் இடது. அமெரிக்காவில் 1930-களில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அரசு தலையிட்டு ஏழைகளைக் காப்பதையும் லிபரல் என்ற பெயராலேயே அழைத்ததால், அச்சொல் அங்கே இடப்பக்கம் தங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவில் ராபர்ட் மென்சிஸ் 1944-இல் தொடங்கிய லிபரல் கட்சி, தொழிற்கட்சிக்கு எதிராகச் சந்தைக்கு ஆதரவு தரும் கட்சி.

கட்சிப் பெயரை நம்பி முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்கு டென்மார்க்கைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அங்கே ‘வென்ஸ்த்ரே’ என்ற கட்சியின் பெயருக்கு நேர்ப்பொருள் ‘இடது’ என்பதுதான். ஆனால் அது மைய வலதுசாரிக் கட்சி. 19-ஆம் நூற்றாண்டில் நிலப்பிரபுக்களின் வலதுசாரிக் கட்சியை எதிர்த்துக் குடியானவர்கள் கட்டிய அந்தக் கட்சிக்கு இடப்பக்கத்தில் பின்னர் சமூக சனநாயகவாதிகள் வந்து நின்றுவிட்டார்கள். போர்ச்சுக்கலின் சமூக சனநாயகக் கட்சியும் இப்படித்தான், பெயரில் இடது, நடைமுறையில் மைய வலது.

கேள்வி: திராவிட இயக்கம் இடதா, வலதா?

இந்தக் கேள்வியை எழுப்பும் பலர் ஏற்கெனவே ஒரு விடையோடு வருகிறார்கள். ஆனால் இந்த இயக்கம் பிறந்தபோது அதன் முன்னிருந்த கேள்வி முதலாளி–தொழிலாளி பற்றியதன்று, சாதி பற்றியது. சமத்துவம் என்ற அளவுகோலை வைத்தால், 1921-இல் நீதிக்கட்சி ஆட்சி, அரசு வேலைகளைச் சமூகவாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி ஆணை பிறப்பித்ததும், 1925-இல் பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறிச் சுயமரியாதை இயக்கத்தை வளர்த்ததும் இடப்பக்க நகர்வுகளே. ஆனால் நீதிக்கட்சியின் தலைமையில் ஜமீன்தார்களும் குறுநில மன்னர்களும் இருந்ததாலும், அது பிரிட்டிஷ் ஆட்சிக்கு இணக்கமாக நடந்துகொண்டதாலும், வர்க்கத்தை அளவுகோலாகக் கொண்டவர்கள் அதை வலதுசாரிக் கட்சியாகவே பார்த்தார்கள். இரு தரப்பும் தத்தம் கேள்விக்குச் சரியான விடையைத்தான் சொன்னார்கள்.

இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் கட்ட ஒரு முயற்சி நடந்தது. 1923 மே 1 அன்று சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய சிங்காரவேலரும், சோவியத் ஒன்றியத்தைச் சுற்றிப்பார்த்துவிட்டு 1932-இல் திரும்பிய பெரியாரும் சேர்ந்து ஈரோட்டில் ஒரு சமதர்மத் திட்டத்தை வகுத்தார்கள். சில ஆண்டுகளில் அரசின் நெருக்கடி கூடியபோது பெரியார் சமூகச் சீர்திருத்தத்துக்கே முதலிடம் தருவது என்று முடிவெடுத்தார். ஜீவானந்தம் போன்றவர்கள் பிரிந்துசென்று பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்தார்கள். அந்தப் பிரிவின் தடத்தைத் தமிழ்நாட்டு அரசியலில் இன்றும் பார்க்கலாம்.

பின்னர் ஆட்சிக்கு வந்த கழகங்களை ஒரே கோட்டில் வைப்பது இன்னும் கடினம். 1967-இல் அண்ணா அமைத்த தேர்தல் கூட்டணியில் இராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒரே பக்கம் நின்றன. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு, பெண்களுக்குச் சொத்துரிமை, பொது விநியோகம், சத்துணவு என்று பார்த்தால் கழக ஆட்சிகள் இடப்பக்கம் நிற்கின்றன. 1990-களில் ஃபோர்டும் ஹூண்டாயும் சென்னைப் புறநகருக்கு வந்தபோது இரு கழகங்களும் தனியார் முதலீட்டை முழுமனத்தோடு வரவேற்றன. ஐரோப்பிய அளவுகோலில் இவற்றை மைய இடது என்று எழுதுவது பெரும் பிழை ஆகாது. ஆனால் மாநில உரிமை, மொழி ஆகியவற்றை அந்த அளவுகோல் அளப்பதே இல்லை. மையம்–விளிம்பு என்ற பிளவு வர்க்கப் பிளவுக்கு ஒப்பான தனிப் பிளவு என்று அரசியல் சமூகவியலாளர்களான லிப்செட்டும் ரொக்கானும் 1967-இல் விளக்கியிருந்தார்கள். தமிழ்நாட்டைப் படிக்க அது கூடுதலாக உதவும்.

கேள்வி: இலங்கையில் ஏன் இடதுசாரிகளைத் தமிழர்கள் பலர் சந்தேகத்தோடு பார்த்தார்கள்?

அங்கே இனப்பிரச்சினை என்ற கேள்வி பொருளாதாரக் கேள்வியை நேராகக் குறுக்கே வெட்டுகிறது. 1935-இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சி, 1956-இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது அதை நாடாளுமன்றத்தில் உறுதியாக எதிர்த்தது. ஒரு மொழி என்றால் இரண்டு நாடுகள் ஆகிவிடும் என்று அக்கட்சியின் தலைவர்களுள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா அன்று விடுத்த எச்சரிக்கையை இன்றும் எடுத்துக்காட்டாதவர்கள் இல்லை. அதே கட்சி 1964-இல் சிறீமாவோ பண்டாரநாயக்காவின் அரசில் இணைந்தது; 1970-இல் மீண்டும் கூட்டணி அரசில் பங்கேற்றபோது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்து, சிறுபான்மையினருக்கு முன்பிருந்த அரசமைப்புக் காப்பையும் கைவிட்ட 1972 அரசமைப்பை உருவாக்கும் பொறுப்பு அதே கொல்வினிடமே வந்து சேர்ந்தது. பொருளாதாரத்தில் அவர் இடதுசாரியாகவே இருந்தார். தமிழர்களின் கேள்வியில் அவர் நின்ற இடம் மாறிவிட்டது.

மக்கள் விடுதலை முன்னணி இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. 1965-இல் ரோகண விஜேவீர தொடங்கிய இந்த மார்க்சியக் கட்சி, 1987-இன் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தையும் மாகாண சபைகளையும் கடுமையாக எதிர்த்தது. வடக்கையும் கிழக்கையும் பிரித்த 2006 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு வழிவகுத்த மனுக்களின் பின்னணியிலும் அக்கட்சியே இருந்தது. மறுபுறம், தமிழரசுக் கட்சி 1965-இல் வலதுசாரியான ஐக்கிய தேசியக் கட்சியின் அரசுக்கு ஆதரவளித்து அமைச்சரவையிலும் பங்கு பெற்றது. 2024-இல் மக்கள் விடுதலை முன்னணியை மையமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி ஆட்சியைப் பிடித்தபோது, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 இடங்களில் 3 இடங்களையும் அது வென்றது. அந்த வாக்குகள் இடப்பக்கம் விழுந்தவையா, பழைய தலைமைகள் மீதான சலிப்பில் விழுந்தவையா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. இரண்டாவது காரணத்துக்கே எடை அதிகம் என்று தோன்றுகிறது.

கேள்வி: ஹிட்லரின் கட்சிப் பெயரிலேயே ‘சோசலிஸ்ட்’ இருக்கிறதே, அவர் எப்படி வலதுசாரி?

பெயரை விட்டுவிட்டுச் செயலைப் பார்க்க வேண்டும். 1933 சனவரி 30 அன்று அவர் ஆட்சியில் அமர்ந்தது ஹூகன்பர்க், பாப்பன் போன்ற பழமைவாதத் தலைவர்களின் துணையோடு. மார்ச்சில் திறக்கப்பட்ட டாக்காவ் வதைமுகாமுக்கு முதலில் அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் கம்யூனிஸ்டுகளும் பிற இடதுசாரிகளும். மார்ச் 23 அன்று முழு அதிகாரத்தையும் அவருக்கு அளித்த சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஒரே கட்சி சமூக சனநாயகக் கட்சி. கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை அவைக்குள் வரவே விடவில்லை. மே 2 அன்று தொழிற்சங்க அலுவலகங்கள் கைப்பற்றப்பட்டு சங்கங்கள் கலைக்கப்பட்டன. கட்சிக்குள் சோசலிசம் என்ற சொல்லைச் சற்றேனும் பொருட்படுத்திய கிரேகோர் ஸ்திராசர் 1934 ஜூனில் கொல்லப்பட்டார். இனங்களுக்கிடையே பிறப்பால் ஏற்றத்தாழ்வு உண்டு என்பதே அந்த ஆட்சியின் அடித்தளம் ஆகையால், பொப்பியோவின் அளவுகோலில் அதற்கு வேறு இடம் கிடையாது.

ஸ்டாலின் ஆட்சியிலும் முகாம்கள் இருந்தனவே என்று கேட்டால், இருந்தன. கொடுமை எந்தப் பக்கத்துக்கும் தனி உரிமை அல்ல. அதை வைத்து ஒன்றை மற்றதாகப் பெயர்மாற்றத் தேவையில்லை.

கேள்வி: கடவுள் நம்பிக்கை உள்ளவர் வலது, நாத்திகர் இடது என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. இந்துத்துவக் கோட்பாட்டை வகுத்த சாவர்க்கர் சடங்குகளில் நம்பிக்கை இல்லாதவர். பசுவைத் தெய்வமாகக் கருத வேண்டியதில்லை, அது பயன்தரும் விலங்கு என்று எழுதியவர். லத்தீன் அமெரிக்காவில் 1960-களின் இறுதியில் எழுந்த விடுதலை இறையியலோ, கத்தோலிக்கக் குருமார்களையே நிலமற்றவர்களின் பக்கம் கொண்டுவந்து நிறுத்தியது.

கேள்வி: மையம் என்றால் நடுநிலையா?

இல்லை. நடுநிலை என்பது தீர்ப்பு சொல்பவரின் நிலை. மையம் என்பது போட்டியில் இருப்பவரின் நிலை. மையவாதிக்கும் திட்டமும் எதிரியும் ஆதாயமும் உண்டு. தவிர, இரு முனைகளும் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்தே மையம் அமைவதால், ஒரு முனையைச் சற்று இழுத்தாலும் மையமும் கூடவே நகர்ந்துவிடும்.

கேள்வி: நம் வரலாற்றின் வலங்கை, இடங்கைப் பிரிவுகளுக்கும் இவற்றுக்கும் தொடர்பு உண்டா?

எந்தத் தொடர்பும் இல்லை. வலங்கை, இடங்கை என்பவை சோழர் காலக் கல்வெட்டுகளிலிருந்து 19-ஆம் நூற்றாண்டுவரை தமிழகத்தில் வழங்கிய சாதித் தொகுதிகள். வேளாண்மை சார்ந்த பல சாதிகள் ஒருபுறமும் கம்மாளர் முதலிய கைவினைச் சாதிகள் மறுபுறமும் நின்று, எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போகலாம் என்று மோதிக்கொண்டன. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னையிலும் அந்தச் சண்டை நடந்தது. பெயர் ஒற்றுமையைத் தவிர வேறெதுவும் இல்லை.

கேள்வி: இச்சொற்கள் காலாவதியாகிவிட்டனவா?

ஒவ்வொரு தலைமுறையும் இப்படிக் கேட்டிருக்கிறது. இந்தப் பிரிவினைக்கு இன்னும் பொருள் உண்டா என்று கேட்பவர் நிச்சயம் இடதுசாரியாக இருக்க மாட்டார் என்று 1930-களின் தொடக்கத்திலேயே பிரெஞ்சுத் தத்துவவாதி அலேன் குத்தலாக எழுதினார். 2017-இல் எம்மானுவேல் மக்ரோன் இடதும் வலதும் கடந்தவராகத் தம்மை முன்னிறுத்திப் பிரான்சின் அதிபரானார். 2024 கோடைத் தேர்தலில், பல கட்சிகள் சேர்ந்த இடதுசாரி அணி அவையில் மிகப்பெரிய அணியாகவும், தேசிய பேரணிக் கட்சி எதிர்முனையிலும் வர, மக்ரோனின் அணி இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது.

அச்சொற்களின் சட்ட மதிப்பும் அங்கே குறைந்துவிடவில்லை. பிரான்சின் உள்துறை அமைச்சகம் தேர்தல் முடிவுகளைத் தொகுப்பதற்காக ஒவ்வொரு கட்சிக்கும் ஓர் அரசியல் முத்திரை இடுகிறது. 2023 செனட் தேர்தலில் தன்னைத் தீவிர வலது என்று வகைப்படுத்தியதை எதிர்த்துத் தேசிய பேரணி, நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தீவிர இடது என்னாமல் இடது என்று மட்டும் குறித்துவிட்டு, தன்னை மட்டும் தீவிரம் என்பது பாகுபாடு என்பதும் அதன் வாதங்களுள் ஒன்று. 2024 மார்ச்சில் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.